படம் இருக்கிறது, செய்த வேலை எங்கே?

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த குடும்பங்களில், நகைக்கும் நிலப் பத்திரத்துக்கும் அடுத்தபடியாகப் பொத்திப் பொத்திக் கொண்டு வந்த சாமான் எதுவென்று கேட்டால், போட்டோ ஆல்பம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கறுப்புத் தாளில் நான்கு மூலைக்கும் ஒட்டு வைத்துச் செருகிய படங்கள். இடையிடையே சிலந்திவலைக் கோலம் போட்ட மெல்லிய தாள். படத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் ஸ்டூடியோ முத்திரை. அதன் கீழே யாரோ ஒரு பெரியவர் பென்சிலால் எழுதிய பெயர்களும் தேதியும். தாதர் எக்ஸ்பிரஸில் டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்ட இந்த ஆல்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

அந்த ஆல்பத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. திறந்து பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். ஸ்டூடியோ மூடிவிட்டாலும் படம் போகாது; பிலிம் செய்த கம்பெனியே இல்லாமல் போனாலும் போகாது. ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பிலிம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆலை நொடித்துப் போய் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பிலிமில் எடுத்த நெகடிவ் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், முகம் தெரியும். கோடக் கம்பெனி தன் புகழ்பெற்ற கோடக்ரோம் பிலிமை 2009-ல் நிறுத்தியது. கடைசியாகத் தயாரான சுருளை ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரரிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியை அவர் இந்தியாவுக்கு வந்து, மும்பை நடிகர்களையும் ராஜஸ்தான் நாடோடிகளையும் எடுத்துத் தீர்த்தார். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த கடைசி லேபரட்டரியும் 2010 டிசம்பர் 30-ந் தேதியோடு அந்தச் சுருள்களை வாங்குவதை நிறுத்தியது. பிலிமை வைத்துப் பிழைத்தவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆயினும் முன்பு எடுத்த ஸ்லைடு எதுவும் யார் கையிலிருந்தும் பறிபோகவில்லை.

கம்ப்யூட்டருக்குள் குடியேறிய ஆல்பங்களின் கதை வேறு. அதைச் சொல்வதற்கு ‘அபர்ச்சர்’ என்ற சாஃப்ட்வேரை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

ஆப்பிள் கம்பெனி அபர்ச்சரை 2005 அக்டோபரில் அறிவித்தது. விலை 499 டாலர். அன்றைய மதிப்பில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவர்களை நோக்கி அதைச் செய்யவில்லை. ஒரு கல்யாணத்தில் இரண்டாயிரம் படம் எடுத்துவிட்டு, அதில் இருநூறைப் பொறுக்கி, நிறமும் வெளிச்சமும் சரிசெய்து, பத்து நாளில் ஆல்பம் கொடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகச் செய்தது. ஒரே காட்சியின் ஏழெட்டுப் படங்களை ஒரு கட்டாக அடுக்கலாம். நகைக்கடைக்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் போல ஒரு கண்ணாடியைப் படத்தின் மேல் நகர்த்தி, கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். மேஜையில் படங்களைப் பரப்பி அடுக்குவது போலத் திரையில் பரப்பலாம். நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கலாம். எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

ஆரம்பத்தில் குறைகளும் இருந்தன. வலுவான கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் ஆமை வேகம். 2006 ஏப்ரலிலேயே விலையை 299 டாலராகக் குறைத்தார்கள். முதலில் வாங்கியவர்கள் முகம் சுளிக்காமலிருக்க 200 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். 2008-ல் இரண்டாம் பதிப்பு, 2010 பிப்ரவரியில் மூன்றாம் பதிப்பு. இதில்தான் முகங்களை அடையாளம் கண்டு பெயர் போடும் வசதியும், எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டும் வசதியும் வந்தன. 2011-ல் விலை 80 டாலருக்கு இறங்கியது. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். விவரம் தெரிந்த சிலர் மட்டும், “இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்களே, நான்காம் பதிப்பு வருமா?” என்று சந்தேகப்பட்டார்கள். வரவில்லை.

2014 ஜூன் 27 அன்று ஆப்பிள் தன் முடிவைச் சொன்னது. அபர்ச்சரை இனி வளர்க்கப் போவதில்லை. அடுத்த வருஷம் ‘போட்டோஸ்’ என்று புதிதாக ஒன்று வரும். பழைய நூலகத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். 2015 ஏப்ரலில் போட்டோஸ் வந்தது, அபர்ச்சர் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. வீடுகளில் புழங்கிய ஐபோட்டோவுக்கும் அதே கதிதான்.

தொழில்முறைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். நீங்கள் இல்லாவிட்டால் வேறு கம்பெனிக்காவது விற்றுவிடுங்கள் என்று கேட்டார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது சற்று மிகையாகத் தோன்றும். மிக்ஸி ரிப்பேரானால் வேறு மிக்ஸி வாங்குகிறோம், இதற்குப் போய் இவ்வளவு ஆத்திரமா? படங்கள்தான் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கின்றனவே?

ஆத்திரத்தின் காரணம் புரிய, இந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நல்ல கேமராக்களில் ‘ரா’ என்றொரு வகைக் கோப்பு உண்டு. லென்ஸ் வழியே விழுந்த வெளிச்சத்தை, பக்குவம் செய்யாமல் அப்படியே எழுதி வைப்பது. அபர்ச்சர் அந்த மூலக் கோப்பைத் தொடவே தொடாது. நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டினால், ஓரத்தை வெட்டினால், முகத்தில் இருந்த நிழலைக் குறைத்தால், அவற்றையெல்லாம் தனியாக ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் படத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மூலத்தையும் குறிப்பையும் சேர்த்து, திருத்திய படத்தை அந்த நிமிஷத்தில் தயார் செய்து காட்டும்.

ஒரு தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். துணி உங்களுடையது, வெட்டாத முழுத் துணி. அளவெல்லாம் அவருடைய நோட்டில், அவருக்கே புரிகிற சுருக்கெழுத்தில் இருக்கிறது. நீங்கள் உடுத்தக் கேட்கும்போதெல்லாம் நோட்டைப் பார்த்து அரை நொடியில் தைத்துக் கொடுக்கிறார். துணிக்குச் சேதமே இல்லை. அளவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அற்புதமான ஏற்பாடுதான். ஒரு நாள் அவர் கடையை மூடிவிட்டுப் போகிறார். உங்கள் கையில் முழுத் துணி இருக்கிறது, அவருடைய நோட்டும் இருக்கிறது. சட்டை மட்டும் இல்லை.

பத்து வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை அந்த நோட்டில்தான் இருந்தது. படம் எடுப்பது பாதித் தொழில். எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டதை எப்படிக் காட்டுவது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிதான் அந்தரத்தில் தொங்கியது.

மாற்றிக்கொள்ளலாம் என்றார்களே, மாற்றினால் என்ன ஆயிற்று? போட்டோஸில் படங்கள் வந்தன, செய்த திருத்தங்களும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் பல திருத்தங்களைத் திரும்பப் பிரித்து மாற்ற முடியவில்லை. அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூலத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தரம் பிரிக்கப் போட்ட நட்சத்திரங்களும் வண்ண அடையாளங்களும் வெறும் குறிச்சொற்களாக மாறின. கட்டாக அடுக்கிய படங்கள் கட்டவிழ்ந்தன. ஆத்திரப்பட்டவர்களில் பலர் எதிராளியான அடோபி கம்பெனியின் ‘லைட்ரூம்’ பக்கம் நடையைக் கட்டினார்கள். 2014 அக்டோபரிலேயே அடோபி ஓர் இறக்குமதிக் கருவியைக் கொடுத்து வரவேற்றது. படங்கள், குறிச்சொற்கள், நட்சத்திரங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன, திருத்தங்கள் வரவில்லை. ஒரு தையல்காரரின் சுருக்கெழுத்து அடுத்தவருக்குப் புரியாதல்லவா?

ஆப்பிளைக் குறை சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. ஒன்பது மாதத்துக்கு முன்பே சொன்னார்கள். 2014 அக்டோபரில் 3.6 என்ற கடைசித் திருத்தத்தையும் தந்தார்கள். புதுக் கேமராக்களின் ரா கோப்புகளைப் படிக்கும் வேலை மேக் கம்ப்யூட்டரின் இயங்குதளத்திலேயே இருந்ததால், விற்பனை நின்ற பிறகும் அபர்ச்சர் பல வருஷம் ஓடியது. 2018-ல் வந்த மொஜாவே பதிப்போடுதான் அதன் ஆயுள் முடிந்தது; 2019-ன் காடலினாவில் அது திறக்கவில்லை. அப்போதும் விடாத அன்பர்கள் இருந்தார்கள். புது இயங்குதளத்தில் அதை ஓட வைக்க ‘ரெட்ரோஆக்டிவ்’ என்ற இலவச நிரல் ஒன்று வெளியிலிருந்து வந்தது; வீடியோ போன்ற சில வசதிகள் போக மற்றவை வேலை செய்தன. இன்னும் சிலர் அபர்ச்சருக்கென்றே பழைய மேக் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டார்கள். பழைய பாட்டுத் தட்டுகளுக்காகக் கிராமபோனை வைத்திருப்பது போலத்தான்.

லைட்ரூமுக்கு ஓடியவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? அதுவும் ஒரு கதை. 2013 மே மாதத்தில் அடோபி, ஃபோட்டோஷாப் உள்ளிட்ட தன் சாமான்களை இனித் தனி விலைக்கு விற்பதில்லை, மாதச் சந்தாதான் என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். லைட்ரூமை மட்டும் தனி விலைக்கும் காலவரையின்றி விற்போம் என்று அப்போது கம்பெனித் தரப்பில் சொன்னார்கள். 2015 ஏப்ரலில் வந்த லைட்ரூம் 6 அப்படி விற்றது. 2017 அக்டோபரில் அதுவே கடைசி என்று சொல்லிவிட்டார்கள். அந்த டிசம்பரோடு திருத்தங்களும் நின்றன. ‘காலவரையின்றி’ என்பதற்கு நான்கு வருஷம் என்று ஓர் அர்த்தம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2018 நவம்பருக்குப் பின் அதிலிருந்த வரைபட வசதி வேலை செய்யாமல் போயிற்று. காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஓர் அறையை மட்டும் வெளியிலிருந்து பூட்டிய மாதிரி.

சந்தாவைப் பற்றி ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சந்தா நின்ற பிறகும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும். படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். புதிதாகத் திருத்தத்தான் முடியாது. ஆகவே படத்தைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு முழு உண்மையல்ல. வேலையைப் பிடித்து வைக்கிறார்கள் என்றால் சரியாக இருக்கும்.

‘நிக் கலெக்‌ஷன்’ விவகாரம் இன்னும் வேடிக்கை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதிலிருந்த ‘சில்வர் எஃபெக்ஸ்’ போல இன்னொன்று இல்லை என்று கைதேர்ந்தவர்கள் சொல்வார்கள். 2012-ல் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கியது. தனித்தனியாக வாங்கினால் பல நூறு டாலர் ஆகிற தொகுப்பை 2013-ல் 149 டாலருக்குக் கொடுத்தது. 2016 மார்ச்சில் இலவசம் என்றது. அந்த வருஷம் காசு கொடுத்தவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. நல்ல மனசு என்று ஊரே புகழ்ந்தது. 2017 மே மாதத்தில், இனித் திருத்தப் பதிப்பு எதுவும் வெளியிடும் எண்ணமில்லை என்று அறிவிப்பு வந்தது. இலவசமாகக் கிடைத்ததை எண்ணி மகிழ்ந்தவர்கள், அதே சாமானைக் காசு கொடுத்து வாங்கத் தயார், யாராவது எடுத்து நடத்துங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். அந்த அக்டோபரில் டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சுக் கம்பெனி அதை வாங்கி, 2018-ல் மறுபடியும் விலை போட்டு விற்கத் தொடங்கியது. விலை போட்டதும் பலருக்கு நிம்மதி! விலை குறையக் குறையச் சந்தோஷப்படுகிற நமக்கு இது புதுப் பாடம்.

இதெல்லாம் தொழில்முறைக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் இதே நாடகம் ‘பிக்காசா’ என்ற பெயரில் நடந்து முடிந்தது. 2004-ல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டிலெல்லாம் பிக்காசா இருந்த காலம் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆல்பங்களை ஸ்கேன் செய்து, அதில் ஏற்றி, சிவப்புக் கண்ணைச் சரிசெய்து, ஓரம் வெட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் போட்டுப் பலர் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார்கள். 2016 மார்ச் 15-ந் தேதியோடு கூகுள் பிக்காசாவைக் கைவிட்டது.

பிக்காசாவும் நம் தையல்காரர் வகைதான். நீங்கள் ‘சேவ்’ என்று தனியாக அழுத்தாதவரை, செய்த திருத்தத்தைப் படத்தில் எழுதாமல், அதே ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியாத ‘பிக்காசா.ஐஎன்ஐ’ என்ற சிறு கோப்பில் எழுதி வைக்கும். சேவ் செய்தால், மூலப் படத்தை இன்னொரு மறைவான ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தவர்கள், மறைந்திருந்த கோப்பை விட்டுவிட்டார்கள். திருத்தங்கள் போயின. பெயர்களும் பல வீடுகளில் அந்த வழியே போயின.

ஓரம் வெட்டியது போனால் திரும்ப வெட்டிக்கொள்ளலாம். பெயர் போனால்? ஊரிலேயே இருப்பவர்களுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. தெருவில் யாரையாவது கேட்டால், “இது கீழத்தெரு பெரியப்பாவோட ரெண்டாவது பொண்ணு” என்று சொல்லிவிடுவார்கள். இங்கே மூன்றாவது தலைமுறையாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீங்கள் தட்டிய பெயர்களைத் திரும்பச் சொல்லப் பாட்டி இல்லை. நமக்கு அந்தப் பெயர்ப் பட்டியல், தொழில்முறைக்காரருக்கு அவருடைய திருத்தங்கள் போல.

அந்த வேலையை இன்று செய்வது யார்? பெரும்பாலும் நம் செல்போனும் கூகுள் போட்டோஸும். அளவில்லாமல் இலவசம் என்று சொன்ன ஏற்பாடு 2021 ஜூன் 1-ந் தேதியோடு முடிந்தது. இப்போது 15 ஜிபி வரைதான் சும்மா. அங்கிருந்து படங்களை மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே எழுதிய விவரக் குறிப்பெல்லாம் படத்துக்குள் வராமல், பக்கத்தில் தனித்தனிக் கோப்பாக வரும். ஐயாயிரம் படத்துக்குப் பக்கத்தில் ஐயாயிரம் துண்டுக் காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் இன்னும் மோசம். சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் படத்தையும் சுருக்கி, அதற்குள் எழுதியிருந்த விவரத்தையும் உதிர்த்துவிடும். ‘டாகுமென்ட்’ என்று அனுப்பினால்தான் உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். இந்தச் சங்கதி தெரியாமல் கல்யாணப் படங்களைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, கையிலிருந்ததை அழித்தவர்கள் நம்மில் அநேகர்.

சரி, என்னதான் செய்வது? சாஃப்ட்வேரே வேண்டாமென்று ஒதுங்க முடியாது. தையல்காரர் கடையை மூடுவதற்கு முன்பே சட்டையைத் தைத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அபர்ச்சர் அன்பர்களில் விவரமானவர்கள் அதைத்தான் செய்தார்கள். திருத்தி முடித்த படங்களை முழு அளவில் ‘டிஃப்’ அல்லது ‘ஜேபெக்’ வடிவில் வெளியே எடுத்து, மூலத்தோடு சேர்த்து வைத்தார்கள். இந்த இரண்டு வடிவங்களும் ஒரு தனிச் சாஃப்ட்வேரை நம்பி இல்லை. எதில் வேண்டுமானாலும் திறக்கும். இடம் அடைக்கும் என்பது உண்மை. பிற்பாடு அளவை மாற்றவும் முடியாது. தைத்த சட்டையைப் பிரித்துத் துணியாக்க முடியாதே.

பெயருக்கும் இதே மாதிரி வழி உண்டு. பத்திரிகை நிருபர்கள் படத்தோடு விவரம் அனுப்புவதற்காக ஐபிடிசி என்ற முறையை 1990-களிலேயே வகுத்தார்கள். படத்தின் கோப்புக்குள்ளேயே தலைப்பு, விவரம், எடுத்தவர் பெயர் எழுதக் கட்டங்கள் இருக்கின்றன. அடோபி 2001-ல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையும் இதே வேலைக்குத்தான். படத்தின் பின்புறம் தாத்தா பென்சிலால் எழுதினாரே, அதே காரியம். ‘டிஜிகாம்’ என்ற இலவசச் சாஃப்ட்வேர், நீங்கள் முகத்துக்குப் போடும் பெயரைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். எழுதச் சொல்லி அமைப்புகளில் ஒரு முறை டிக் போட வேண்டும். டிஜிகாமே நாளைக்கு இல்லாமல் போனாலும், வேறொன்றில் திறந்து படிக்கலாம்.

தமிழிலேயே எழுதலாம். எழுதும்போது “மெட்ராஸ் மாமா” என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் மூன்று மெட்ராஸ் மாமாக்களாவது இருப்பார்கள். முழுப் பெயர், யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்த வருஷம், பக்கத்தில் நிற்பவர் யார், இவ்வளவும் இருக்கட்டும். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால், “பெரிய புயலுக்கு மறு வருஷம்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறபடியே போட்டு வையுங்கள்.